மூடியின் உட்புறம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் போனில் கூப்பிட்டு, "நீ பட்டறை வச்சிருக்கிற ஆளு, தொழில் சம்பந்தமா ஏதாவது பேசு. ஆனா அரை மணிக்கு மேல இழுக்காதே, சாப்பாடு ஆறிப்போயிடும்" என்றார். முப்பத்தெட்டு வருஷம் கழித்தும் அவருக்கு மெஸ் கவலைதான். சரி, அரை மணியில் முடித்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அதன் பின்பக்க அட்டையைக் கழற்றினால் உட்புறத்தில் சர்க்யூட் படம் ஒன்று ஒட்டியிருக்கும். ரிப்பேர்க்காரர் வந்தால் முதலில் அந்தப் படத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பார். பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார். நம் ஆய்வகத்தில் இருந்த ஆஸிலாஸ்கோப்பை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதனுடன் வந்த தடித்த புத்தகத்தில் கடைசி ரெசிஸ்டர் வரைக்கும் சர்க்யூட் அச்சிட்டிருந்தது. 1981இல் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோதுகூட, அதன் தொழில்நுட்பக் கையேட்டில் முழு சர்க்யூட்டையும் பயாஸ் நிரலையும் அச்சிட்டுக் கொடுத்தது. காசு கொடுத்துப் பொருளை வாங்கியவனுக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் உண்டு என்று அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள். அந்த நினைப்பு எப்போது போனது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் போய்விட்டதை என் கண்ணால் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

2003ஆம் வருஷம். திருப்பூரில் என் வகுப்புத் தோழர் ஒருவரின் தம்பி கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் போட்டிருந்தார். வெளிநாட்டு மெஷின். கடன் அடைந்து கொஞ்சம் மூச்சுவிடும் நேரத்தில் கன்ட்ரோல் கார்டு போய்விட்டது. கம்பெனிக்கு எழுதினால், "அந்த மாடல் நிறுத்தியாகிவிட்டது, புது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. "அண்ணா, நீங்க பாருங்க" என்று கார்டை என்னிடம் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன். பாதி கார்டு கறுப்பு ரெசினுக்குள் புதைந்திருந்தது. மீதிப் பாதியில் இருந்த ஐ.சி.க்களின் தலையில் நம்பர் இல்லை; தேய்த்து எடுத்திருந்தார்கள். மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். முடியவில்லை. மெக்கானிக்கலாக ஒரு குறையும் இல்லாத மெஷின், பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போனது. மெஷினை ஏற்றிய டெம்போ தெருமுனை திரும்பும்வரை அந்தத் தம்பி வாசலிலேயே நின்றிருந்தார். நான் இன்று பேசப்போவதெல்லாம் அந்தத் தெருவில் தொடங்குவதுதான்.

இப்போது இளைஞர்கள் 'மேக்கர் இயக்கம்', 'ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர்' என்று சொல்கிறார்கள். தமிழில் திறமூல வன்பொருள் என்று எழுதுகிறார்கள். விஷயம் எளிது. ஒரு கருவியைச் செய்தவர் அதன் சர்க்யூட் படம், போர்டு வரைபடம், பாகங்களின் பட்டியல் எல்லாவற்றையும் வெளியிட்டுவிடுகிறார். அதை யாரும் படிக்கலாம், மாற்றலாம், செய்யலாம், செய்து விற்கவும் செய்யலாம். இந்த 'விற்கவும் செய்யலாம்' என்பதில்தான் வயிற்றைக் கலக்கும். அதற்குப் பிறகு வருகிறேன். இதற்கான வரையறை 2011இல் முழு வடிவம் பெற்றது. 2012இல் இதற்கென்றே ஒரு சங்கம் அமெரிக்காவில் பதிவானது. 2016 முதல் சான்றிதழும் தருகிறார்கள். பெயரும் முத்திரையும் மட்டும் செய்தவருக்கே சொந்தம். என் சர்க்யூட்டை நீங்கள் செய்து விற்கலாம். என் கம்பெனி பெயரைப் போட்டு விற்கக்கூடாது.

ஆர்டுயினோ போர்டை இங்கே இருக்கும் மாணவர்கள் அத்தனை பேரும் கையில் எடுத்திருப்பீர்கள். அது பிறந்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்? வட இத்தாலியில் இவ்ரியா என்று ஒரு சின்ன ஊர். ஒலிவெட்டி டைப்ரைட்டர் செய்த ஊர் என்றால் எங்கள் காலத்தவருக்குப் புரியும். அங்கே ஒரு வடிவமைப்புப் பள்ளி இருந்தது. மின்னணுவியல் படிக்காத கலை மாணவர்கள், விளக்கு எரியவும் மோட்டார் சுற்றவும் ஒரு போர்டு வேண்டும் என்றார்கள். அப்போது கிடைத்த போர்டுக்கு ஏறக்குறைய நூறு டாலர் விலை. ஹெர்னாண்டோ பராகான் என்ற கொலம்பிய மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக 2003இல் 'வயரிங்' என்ற ஒன்றைத் தொடங்கினார். அந்த அடித்தளத்தின் மேல் மாசிமோ பான்சி, டேவிட் குவார்டியேயஸ் முதலிய ஐந்து பேர் 2005இல் எழுப்பியதுதான் ஆர்டுயினோ. ஊரில் அவர்கள் கூடும் மதுக்கடைக்கு, ஆயிரம் வருஷத்துக்கு முன் அங்கே ஆண்ட ஆர்டுயின் அரசன் பெயர். அதையே போர்டுக்கும் வைத்தார்கள். பராகானுக்குப் போதிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் கருத்து. 2016இல் அவரே இதைப் பற்றி விரிவாக எழுதினார். திறந்து வைப்பவர்கள் முன்னோடியின் பெயரையும் சேர்த்துத் திறந்து வைக்க வேண்டும் அல்லவா?

அவர்கள் ஏன் வரைபடத்தை வெளியிட்டார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. பெரிய கொள்கைப் பிடிப்பு மட்டும் காரணம் இல்லை. பள்ளிக்குப் பணம் வற்றிக்கொண்டிருந்தது. இன்றோ நாளையோ மூடிவிடுவார்கள் என்ற நிலை. மூடினால் போர்டும் அதோடு போய்விடும், அல்லது யாராவது எடுத்துக்கொண்டு பூட்டிவிடுவார்கள் என்று பயந்தார்கள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் யாராலும் பூட்ட முடியாதே! வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தோட்டத்துச் செடிகளைப் பதியன் போட்டு ஊரெல்லாம் கொடுத்த மாதிரி. பள்ளி சீக்கிரமே மிலானுக்குப் போய் வேறொன்றோடு சேர்ந்துவிட்டது. போர்டு ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் வந்துவிட்டது.

அந்தப் பதியனில் ஒன்று எனக்கும் பயன்பட்டது. 2017இல் ஒரு தச்சுப் பட்டறையில் கதவில் பூ வேலை செய்யும் ரவுட்டர் மெஷின் நின்றுபோனது. மறுபடியும் கன்ட்ரோல் கார்டு. மறுபடியும் "அந்த மாடல் இல்லை" என்ற பதில். இந்த முறை நான் பழைய கார்டைப் பிரிக்கவே இல்லை. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த ஓர் ஆர்டுயினோ ஊனோ நகல் போர்டில் 'ஜி.ஆர்.பி.எல்.' என்ற நிரலை ஏற்றினேன். நார்வேக்காரர் ஒருவர் 2009இல் தொடங்கி, பலர் கைபட்டு வளர்ந்த திறமூல நிரல் அது. 32 கிலோபைட் மட்டுமே கொண்ட அந்தச் சின்ன சிப்பிலிருந்து விநாடிக்கு 30,000 துடிப்பு வரை மோட்டாருக்கு அனுப்பும். இரண்டு நாளில் மெஷின் ஓடியது. ஆசாரி எனக்கு ஒரு ஸ்டூல் செய்து கொடுத்தார். இன்றும் அதில்தான் உட்கார்ந்து சால்டரிங் செய்கிறேன். திருப்பூர் மெஷினுக்கு இந்த வைத்தியம் 2003இல் என்னிடம் இல்லை.

இதுவரை நான் நல்லவன் மாதிரியே பேசிவிட்டேன். இனி என் கதை.

2008இல் சாயப்பட்டறைகளுக்காக நானே ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் செய்து விற்க ஆரம்பித்தேன். நன்றாகப் போனது. பக்கத்துத் தெருக்காரன் காப்பியடித்துவிடுவானே என்ற பயத்தில் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஒரு பையனை உட்காரவைத்து, ஒவ்வொரு ஐ.சி.யின் நம்பரையும் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கச் சொன்னேன். ஆமாம், நானேதான். எம்ப்ராய்டரி மெஷின்காரர்களைத் திட்டிய அதே வாயோடு.

2016இல் ஒரு பழைய வாடிக்கையாளர் அந்தக் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தார். இடி விழுந்து போயிருந்தது. அதற்குள் என் ஹார்டு டிஸ்க் ஒன்று செத்துப்போயிருந்தது. டிசைன் செய்த இன்ஜினியர் வேலையை விட்டுப் போயிருந்தார். காகிதத்தில் எடுத்து வைக்கவில்லை. என் கம்பெனி பெயர் பொறித்த போர்டைக் கையில் வைத்துக்கொண்டு, மொட்டைத் தலை ஐ.சி.க்களைப் பார்த்து, எது எது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டார்: "ஏனுங்க, இது நீங்க செஞ்சதுதானுங்களே?"

அவருக்குப் புதிதாக ஒன்றைச் சும்மா கொடுத்து அனுப்பினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிறகு வேலை செய்கிற போர்டு ஒன்றைத் தேடிப்பிடித்து, தடம் தடமாக அளந்து, படத்தைத் திரும்ப வரைந்தோம். கிகாட் என்ற இலவச மென்பொருளில் வரைந்தோம். பிரெஞ்சுப் பேராசிரியர் ஒருவர் 1992இல் தொடங்கியது. பிற்பாடு ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வகமும் கைகொடுத்து வளர்த்தது. ஹாஸ்டலில் பிளாஸ்டிக் டப்பாவில் ஃபெரிக் குளோரைடு கரைத்து, நெயில் பாலிஷால் தடம் வரைந்து, வார்டனின் வெள்ளை வேட்டியில் கறை ஆக்கிய கோஷ்டி முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறது. தம்பிகளா, உங்களுக்கு அந்தப் பாடு இல்லை.

2018இல் அந்த வடிவமைப்பை முழுதாக வெளியிட்டேன். என்ன நடந்தது? ஆறு மாதத்துக்குள் ஒருவர் அப்படியே செய்து என்னைவிட விலை குறைத்து விற்றார். இரண்டு நல்ல வாடிக்கையாளர்கள் போனார்கள். நஷ்டமே இல்லை என்று இந்த மேடையில் சொன்னால் அது பொய். இன்னொரு பக்கம், முன்பின் தெரியாத ஒருவர் மின்னல் பாதுகாப்புப் பகுதியில் நான் செய்திருந்த தப்பைத் திருத்தி அனுப்பினார். அந்தத் தப்பு எட்டு வருஷம் நான் விற்ற ஒவ்வொரு போர்டிலும் இருந்தது. இரண்டையும் தராசில் போட்டால் எந்தத் தட்டு தாழும் என்று என் ஆடிட்டரும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சண்டை என் பட்டறையில் மட்டும் இல்லை; உலகம் முழுக்க நடக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைக்கும் முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அதன் அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியானது. அதற்கு முன்பே, 2005இல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், தன் பாகங்களைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் இயந்திரம் என்ற எண்ணத்தில் ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கி எல்லாவற்றையும் வெளியிட்டிருந்தார். காப்புரிமையும் முடிந்ததும் வெள்ளம் மாதிரி வந்தார்கள். அவர்களில் மேக்கர்பாட் நிறுவனம் திறந்த முறையில் வளர்ந்து, 2012இல் கதவை மூடிக்கொண்டது. மறு வருஷமே சுமார் 40 கோடி டாலருக்கு விலைபோனது. வாங்கியது யார்? காப்புரிமை வைத்திருந்த அதே பழைய நிறுவனம்.

செக் நாட்டின் ஜோசப் புருசா அப்படி இல்லை. பல வருஷம் திறந்தே வைத்திருந்தார். உலகத்தில் பல மலிவு இயந்திரங்கள் அவருடைய வடிவமைப்பின் பிள்ளை குட்டிகள். அவரே 2023இல் புதிய இயந்திரத்தின் மின்னணு வரைபடங்களை முன்போல வெளியிடத் தயங்கினார். மேசைமேல் வைக்கும் அச்சு இயந்திரத் துறையில் திறமூல வன்பொருள் செத்துவிட்டது என்று 2025இல் எழுதினார். சீனத்தில் அரசு ஆதரவோடு மலிவாகச் செய்கிறார்கள், திறந்து வைத்ததையே எடுத்து அங்கே காப்புரிமையும் பதிகிறார்கள் என்பது அவர் குறை. அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வாடிக்கையாளர் போனதற்கே நான் ராத்திரி கணக்குப் போட்டவன். அவருக்கு நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளம் போட வேண்டும்.

2025 அக்டோபரில் இன்னொரு செய்தி. ஆர்டுயினோவை குவால்காம் வாங்கப்போவதாக அறிவிப்பு. அடுத்த மாதமே அவர்களுடைய இணையச் சேவையின் விதிமுறைகள் மாறின. பெரிய சர்ச்சை கிளம்பியது. போர்டுகள் திறந்தே இருக்கும் என்று நிறுவனம் சொன்னது. இருக்கட்டும், சந்தோஷம். நான் பார்ப்பது வேறு. ஊனோவின் வரைபடம் ஏற்கெனவே ஊரெல்லாம் போய்விட்டது. நாளைக்கு யார் மனம் மாறினாலும் தச்சுப் பட்டறை ரவுட்டர் நிற்காது. இவ்ரியாவில் பள்ளிக்கூடம் மூடும் பயத்தில் செய்த காரியம், இருபது வருஷம் கழித்து, நிறுவனம் கைமாறும்போதும் வேலை செய்கிறது. புதிதாக வரும் போர்டுகளுக்கு அந்தக் காப்பு தானாக வந்துவிடாது. ஒவ்வொன்றுக்கும், "படம் எங்கே?" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

போர்டைத் தாண்டி இப்போது சிப்புக்குள்ளேயே இது நுழைந்துவிட்டது. 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரு செயலிக்குப் புரியும் கட்டளைகளின் தொகுதி அது. அந்தத் தொகுதிதான் பொதுச் சொத்து. அதை வைத்துச் செய்த சிப் எல்லாம் திறந்ததாகிவிடாது. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலி அந்த அடித்தளத்தில் செய்து, வடிவமைப்பையும் வெளியிட்டது. 2018இல் சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசு ஆலையிலேயே அதன் சிப் ஒன்று வார்க்கப்பட்டது.

2020இல் கூகுளும் ஸ்கைவாட்டர் ஆலையும் சேர்ந்து, 130 நானோமீட்டர் சிப் செய்வதற்கான ஆலை விவரங்களைத் திறந்துவிட்டன. அதுவரை கையெழுத்துப் போட்டு ரகசியமாக வாங்க வேண்டிய விவரம் அது. அதை வைத்து 'டைனி டேப்அவுட்' என்ற திட்டம் வந்தது. நூற்றுக்கணக்கான பேரின் குட்டி வடிவமைப்புகளை ஒரே சிப்பில் அடுக்கி அனுப்புவார்கள். ஷேர் ஆட்டோ மாதிரி. ஒரு மாணவன் தன் பெயரில் சொந்தச் சிப் செய்து கையில் வாங்கிப் பார்க்கலாம். 2025 மார்ச்சில் இடைத்தரகாக இருந்த ஈஃபேப்லெஸ் நிறுவனம் திடீரென்று மூடிவிட்டது. அனுப்பிவைத்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஆனால் ஜெர்மனியில் ஐ.எச்.பி. என்ற ஆய்வு நிறுவனமும் தன் ஆலை விவரங்களைத் திறந்து வைத்திருந்ததால், அந்த வழியாக வண்டியைத் திருப்பி ஓட்டிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. 2020 கொரோனாவின்போது புருசா முகத்தடுப்புக்கான வடிவமைப்பை வெளியிட்டார். நம் நாட்டில் மும்பையின் மேக்கர்ஸ் அசைலம் தொடங்கிய எம்-19 கூட்டமைப்பு, ஊர் ஊராகச் சிறு பட்டறைகளை இணைத்துப் பத்து லட்சம் முகத்தடுப்புகள் செய்தது. அது பெருமை. அதே சமயம் ஆளாளுக்கு வென்டிலேட்டரும் செய்தார்கள். முகத்தடுப்பு உடைந்தால் இன்னொன்று மாட்டலாம். மூச்சுக் கருவி நின்றால் என்ன செய்வது? பெரும்பாலானவை ஒரு நோயாளி பக்கம்கூடப் போகவில்லை. போகாததும் நல்லதுக்குத்தான்.

மாணவர்களே, இப்போது உங்களிடம். முதல்வர் அவர்கள் மன்னிக்க வேண்டும். ஊருக்கு ஊர் 'ப்ராஜெக்ட் சென்டர்' என்று கடை இருக்கிறது. பணம் கட்டினால் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு கிடைக்கும். உள்ளே இருப்பது ஓர் ஊனோ நகல், இரண்டு சென்சார், ஓர் எல்.சி.டி. முழுப் படமும் கிடைக்கிற ஒரு போர்டை வாங்கி, படத்தைப் பார்க்காமலேயே வைவாவுக்குக் கொண்டுபோகிறீர்கள். பள்ளிகளிலும் இதே கதைதான். 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் பத்தாயிரம் பள்ளிகளில் வந்திருக்கிறது. இன்னும் ஐம்பதாயிரம் வரும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் பொருள் எல்லாம் பீரோவில் பத்திரமாக இருந்தது. சாவி யாரிடம் என்றால், "சார் டிரெயினிங் போயிருக்கார்" என்றார்கள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

இந்தக் கவரில் என் டெம்பரேச்சர் கன்ட்ரோலரின் முழுப் படம், பாகப் பட்டியல், நிரல் எல்லாம் காகிதத்திலும் பென் டிரைவிலும் இருக்கிறது. துறைத் தலைவரிடம் கொடுக்கிறேன். கூடவே மூன்று போர்டும்; ஐ.சி. நம்பர் எதையும் தேய்க்கவில்லை. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இதில் இன்னும் ஒரு கோளாறு இருக்கிறது. பெரிய பம்ப்பின் கான்டாக்டர் விடும்போது பத்துத் தடவையில் ஒரு தடவை போர்டு தானாக ரீசெட் ஆகிறது. ஸ்னப்பர் போட்டுப் பார்த்தேன், எர்த்தை மாற்றிப் பார்த்தேன், பிடிபடவில்லை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் யாராவது சனிக்கிழமை பட்டறைக்கு வந்தால் ஓடுகிற மெஷினிலேயே காட்டுகிறேன். பஸ் செலவும் மத்தியானச் சாப்பாடும் என் பொறுப்பு. ஆசாரி செய்த ஸ்டூல் ஒன்றுதான் இருக்கிறது. மற்றவர்கள் நின்றுகொள்ள வேண்டும்.